புளித்துப்போன அறுபது சென்ட்: திண்டிவனத்திலிருந்து கழுவெளி வரை

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய் வந்தேன். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று அலுவலகத்தில் நாலு பேராவது கேட்டார்கள். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் ஊர் என்றுதான் நம்மில் பலருக்கு அதைத் தெரியும். நான் போனது ஒரு கனிமத்தைப் பார்க்க. சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

வடசென்னையில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், பராமரிப்புப் பிரிவில் எனக்கு வேலை. கச்சா எண்ணெயில் கந்தகம் இருக்கும். அது தொட்டியின் இரும்புச் சுவரோடு சேர்ந்து உள்ளே கறுப்பாக ஒரு தூளாகப் படியும். அதுதான் இரும்பு சல்ஃபைடு. மூடிய தொட்டிக்குள் இருக்கும்வரை பரம சாது. சுத்தம் செய்யத் தொட்டியைத் திறந்து, உலர்ந்த தூளில் காற்றுப் பட்டால் தானாகவே சூடேறி, புகைந்து, பற்றிக்கொள்ளும். தீக்குச்சியே வேண்டாம். அதனால் தண்ணீர் அடித்து ஈரமாகவே வைத்திருந்து, ஈரமாகவே அள்ளிக் கொண்டுபோவோம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இந்தத் தூளுக்குப் பயந்துதான் சம்பளம் வாங்குகிறேன்.

இதே பொருள் வெளியே கல்லிலும் சேற்றிலும் யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடக்கிறது என்று படித்ததிலிருந்து, அதை அதன் சொந்த வீட்டில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை. திண்டிவனத்துக் கறுப்புக் கல்லில் பொன் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கும், மரக்காணம் பக்கத்துக் கழுவெளி என்னும் உப்பங்கழிச் சேற்றில் மை மாதிரி இருக்கும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் திருவக்கரையைச் செருகிக்கொண்டேன். அம்மனையும் பார்த்தாயிற்று, கல்மரத்தையும் பார்த்தாயிற்று என்று ஆகுமல்லவா.

எழும்பூரில் காலை ஆறரைக்குப் புதுச்சேரி பாசஞ்சர் பிடித்தேன். டிக்கெட் நாற்பது ரூபாய்க்குள்தான். செங்கல்பட்டு வரை நின்றுகொண்டே போனேன், அதற்குப் பிறகு ஜன்னலோரம். ஒன்பது மணிக்குத் திண்டிவனம். ரயில் நேரத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள், நீங்கள் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே நாலு இட்லி, ஒரு வடை, ஒரு காபி எழுபது ரூபாய். சட்னி மல்லாட்டைச் சட்னி. நிலக்கடலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாம் முறை கேட்டதற்கும் முகம் சுளிக்காமல் ஊற்றினார்கள்.

ஆட்டோவுக்கு ஒரு நாள் முழுக்க இரண்டாயிரம் கேட்டார் ஆரோக்கியராஜ். ஆயிரத்து எண்ணூறுக்குப் பேசி முடித்தேன். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டியிருந்தது, அதனால் நியாயமான வாடகைதான். நாற்பது வயது இருக்கும். கண்ணாடியில் மாதா படம், பக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழம். "எதுக்குங்க கல்லு பட்டறைக்கு? வீடு கட்றீங்களா மேடம்?" என்றார். கல்லுக்குள் இருக்கும் ஒன்றைப் பார்க்க என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. சென்னையிலிருந்து வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் போல.

செஞ்சி சாலையில் நாலைந்து கிலோமீட்டரில் அந்தப் பட்டறை. கறுப்புக் கல்லைப் பாளமாக அறுத்து மெருகேற்றுகிறார்கள். ஞாயிறு என்பதால் மெஷின் ஓடவில்லை. காவலுக்கு இருந்தவர், நான் கேட்டதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். வேண்டாம் என்று ஒதுக்கிய பாளங்கள் அங்கே மழையில் வெயிலில் கிடந்தன. ஒரு பாளத்தில், கடுகளவு, அரைக் கடுகளவுப் பொன் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி துருக்கோடு.

"தங்கமா மேடம்?" என்று ஆரோக்கியராஜ் குனிந்தார்.

"தங்கமா இருந்தா இங்கே விட்டு வச்சிருப்பாங்களா? இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. பைரைட்னு பேரு. கல்லுக்குள்ள இருக்கிற வரைக்கும் இப்படியே பளபளன்னு எத்தனை கோடி வருஷம் வேணும்னாலும் இருக்கும். அறுத்து வெளியே வச்சு, காத்தும் தண்ணியும் பட்டா இரும்பு துருவாகும், கந்தகம் ஆசிட் ஆகும்."

"ஆசிட்டுன்னா? பேட்டரில ஊத்துறமே, அதுவா?"

அதேதான் என்றேன். ஒரு காலத்தில் இந்தக் கல்லை வறுத்துத்தான் கந்தக அமிலமே காய்ச்சினார்கள், அந்த அமிலத்தில்தான் உரம் செய்தார்கள் என்று என் பங்குக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். அவர் ஏதோ யோசனையாக வண்டியை எடுத்தார். பாடம் போரடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திருவக்கரைக்கு மயிலம் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் போல. பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வக்கிரகாளியம்மன் முன்னால் கூட்டம் அவ்வளவாக இல்லை. பௌர்ணமி, அமாவாசைகளில் போகாதீர்கள், நெரிசல் தாங்காது. போக வேண்டும் என்றே இருப்பவர்கள் நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள். அர்ச்சனைத் தட்டோடு செம்பருத்திச் சரம் ஒன்று திரும்பி வந்தது. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆரோக்கியராஜ் வாசல்வரை வந்து என் செருப்புக்குக் காவல் இருந்தார்.

கல்மரப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. மரம் மண்ணில் புதைந்து, அணு அணுவாக மணற்சத்து ஏறிக் கல்லானது. வளையம், கணு எல்லாம் அப்படியே தெரிகின்றன. சில ஊர்களில் மரம் பைரைட்டாகவும் மாறுவதுண்டு என்பதால் கொண்டுபோயிருந்த லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒரு புள்ளி கூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலே கிடையாது, குடை எடுத்துப் போங்கள்.

வெளியே ஒரு வண்டியில் கேப்பைக் கூழ் சொம்பு இருபது ரூபாய், மோர்மிளகாய் சும்மா. இருவரும் மரத்தடியில் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் கேட்டார்.

"மேடம், காலையில கல்லுல பார்த்தமே, அது மண்ணுல கூட இருக்குமா?"

"சேத்துல இருக்கும். உப்புத் தண்ணி வந்து போற எடத்துல. கன்னங்கரேல்னு, அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்."

அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "நாத்தம் அடிச்சுது மேடம். பதினாலு டிராக்டர் அடிச்சேன்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மரக்காணம் போகும் வழியில் அவர் ஊர். பேர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அப்பா, தாத்தா எல்லாரும் அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர்கள். இவர் ஆட்டோ ஓட்டி, மனைவி ஸ்டெல்லா உப்பளத்தில் உப்பு வாரி, மூன்று வருடத்துக்கு முன்னால் அறுபது சென்ட் கழனி வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தில் பட்டா என்று ஒன்று வந்தது அப்போதுதான். முதல் போகம் நன்றாகவே விளைந்தது. அடுத்த கோடையில் ஊருக்குக் கிழக்கே உப்பங்கழியில் சேரும் கால்வாயைத் தூர் வாரினார்கள். கரையில் மலைமாதிரி கறுப்பு மண்.

இந்தப் பக்கம் கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்துக் கழனியில் கொட்டுவது வழக்கம். நல்ல வழக்கம், வண்டல் பட்ட நிலத்துக்கு அந்த வருடம் உரமே அவ்வளவாக வேண்டாம். இதையும் வண்டல் என்றே எல்லாரும் நினைத்தார்கள். கறுப்பாக இருக்கிறது, வழவழவென்று இருக்கிறது, வேறென்ன வேண்டும்? மற்றவர்கள் ஒன்றிரண்டு டிராக்டர் அடித்தபோது, புதிதாக நிலம் வாங்கிய ஆசையில் இவர் பதினாலு அடித்தார்.

"நாத்து நட்டு ஒரு மாசம் தாங்கல மேடம். நுனியெல்லாம் கருகிக்கினு வந்துச்சு. தண்ணி மேல செவப்பா ஆடை. ஊருல மண்ணு உனக்கு ஒத்துக்கலன்றாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு தனகோட்டி அண்ணன் வர்றாரு. அவராண்டதான் வாங்கினோம். குடுத்த வெலைக்கே திருப்பி வாங்கிக்கிறேன்னு சொல்லிக்கினு இருக்காரு. இன்னிக்குப் பதில் சொல்லணும்."

கழுவெளிக்குப் போகும் வழிதான், நிலத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன்.

முப்பது கிலோமீட்டர். போகும்போதே அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். ஏரியில் நல்ல தண்ணீர், அதனால் அங்கே வண்டல் வெறும் வண்டல். உப்பங்கழியில் கடல் தண்ணீர் ஏறும். கடல் தண்ணீரில் கந்தகச் சத்து உண்டு. காற்றுப் புகாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று முட்டை நாற்றமுள்ள வாயுவாக மாற்றும். அது மண்ணிலிருக்கும் இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படியும். தண்ணீருக்கு அடியில் அது தூங்குகிறது. நம் ஆட்கள் அதை அள்ளி, வெயிலில் பரப்பி, நன்றாகக் காற்றாட உழுதும் விட்டால்? எங்கள் ஆலையில் எதைச் செய்யக் கூடாது என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறதோ அதை அறுபது சென்ட்டில் செய்திருந்தார்கள்.

மூன்று மணிக்குப் போய் இறங்கினோம். கழனி ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு. ஸ்டெல்லா வெளியே வந்து, "வாங்க அக்கா" என்று சொன்னதோடு சரி. முகத்தில் சிரிப்பு வரவில்லை. என்னை நிலம் வாங்க வந்த ஆள் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார்.

மண் வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளின் உள்பக்கம் வைக்கோல் நிறத்தில் மாவு மாதிரி படிந்திருந்தது. வரப்போரக் குட்டையில் தண்ணீர் கண்ணாடியாக, அடியில் துரு. அமிலம் ஏறிய மண் இப்படித்தான் இருக்கும் என்று படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் படம் பார்த்ததை வைத்து ஒரு குடும்பத்தின் நிலத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

அப்போதுதான் கைப்பையில் வாடிக்கொண்டிருந்த செம்பருத்தி ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்ததுதான். தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்க வெள்ளையில் இதழைத் தேய்த்தேன். ஊதாவாகப் பிடித்தது. குழாய்த் தண்ணீரைத் தொட்டு வைத்தால் ஊதா ஊதாவாகவே இருந்தது. கழனி மண்ணைக் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு வைத்தேன். பளிச்சென்று ரோஜா நிறம். எலுமிச்சைச் சாறு வைத்தாலும் அதே நிறம், ஆட்டோ கண்ணாடியில் தொங்கிய பழத்தைப் பிழிந்தே காட்டினேன்.

"அப்ப மண்ணு புளிச்சிப் போயிருக்குது" என்றார் ஸ்டெல்லா. அவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்ல வந்திருக்காது.

"புளிப்பை எடுக்க முடியுமாக்கா?"

சுண்ணாம்பு புளிப்பைக் கொல்லும், மழைத்தண்ணீர் மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போகும், காயவிடாமல் தண்ணீர் கட்டி வைத்தால் புதிதாகப் புளிப்பு ஊறாது என்றேன். சொல்லும்போதே எனக்குப் பயமாக இருந்தது. தொட்டியைப் பற்றிக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன், பயிரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் பேச்சை நம்பி இவர்கள் நிலத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, நாளைக்கு அது விளையாமல் போனால், இன்றைய விலைக்கு அப்புறம் யார் வாங்குவார்கள்? அதையும் மறைக்காமல் அவர்களிடமே சொன்னேன்.

ஸ்டெல்லா வீட்டோரமாக நடந்தார். அங்கே கழனியின் மூலையில் பாய் விரித்த அளவுக்குப் பச்சைப் பசேலென்று அருகம்புல். மற்ற இடமெல்லாம் கட்டாந்தரை.

"அதே மண்ணுதான் இங்கயும் கெடக்குது. ஒரு வருசமா பாத்துக்கினு இருக்கேன், இங்க மட்டும் ஏன் பில்லு வருதுன்னு." சற்று நின்று, "கிறிஸ்மஸுக்கு வெள்ளை அடிச்சிட்டு சுண்ணாம்புத் தொட்டிய இங்கதான் கழுவி ஊத்தினேன்" என்றார்.

அந்த இடத்து மண்ணை அவரே கரைத்து, அவரே தாளில் சொட்டு வைத்தார். நிறம் மாறவில்லை. ஊதா ஊதாவாகவே இருந்தது. மூன்று பேரும் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இந்த நிலம் சாகவில்லை என்பதற்கு அந்தப் பாயளவு புல்லைவிடப் பெரிய அத்தாட்சி நான் எங்கே போய்க் கொண்டுவர முடியும்?

ஐந்து மணிக்குத் தனகோட்டி மோட்டார் சைக்கிளில் வந்தார். பக்கத்துக் கழனிக்காரர், அறுபதைத் தொட்டவர். கெட்ட மனுஷராகத் தெரியவில்லை. "என்னம்மா முடிவு பண்ணீங்க?" என்று உட்கார்ந்தார். ஆரோக்கியராஜ் மனைவியைப் பார்த்தார்.

"ஒரு போகம் பார்த்துட்டுச் சொல்றோம்ணா" என்றார் ஸ்டெல்லா.

"அப்பறம் இதே வெல நான் சொல்ல முடியாதும்மா. நட்டமாயிட்டா என் மேல வருத்தப்படக் கூடாது."

"வருத்தப்பட மாட்டோம்ணா. நட்டமானாலும் எங்க கழனியில நட்டமாவட்டும்."

அவர் மேசையில் கிடந்த தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விவரம் கேட்டார். எழுந்து தன் வரப்புப் பக்கம் போய் ஒரு பிடி மண் கொண்டுவந்து நீட்டினார். "நானும் ரெண்டு டிராக்டர் அடிச்சேன். அந்த எடத்துல மட்டும் மல்லாட்டை சரியா காய்க்கல." ஸ்டெல்லா கரைத்து வைத்தார். வெளிர் ரோஜா. தனகோட்டி கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "கிளிஞ்சல் சுண்ணாம்பு எடுத்தா எனக்கும் சேர்த்து ரெண்டு மூட்டை சொல்லுப்பா" என்று ஆரோக்கியராஜிடம் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

ஆறு மணிக்குக் கழுவெளி. நான் பார்க்க வந்த இடத்தைக் கடைசியில் இருபது நிமிடம்தான் பார்த்தேன். கோடையில் பாதி வற்றி, தூரத்தில் வெள்ளை வெள்ளையாக நாரைகள். சரணாலயம் என்பதால் உள்ளே இறங்கி எதையும் அள்ளக் கூடாது, கரையிலேயே நின்றேன். ஓரத்துச் சேற்றில் குச்சியால் கீறினால் மேலே ஒரு விரல் பழுப்பு, அடியில் கறுப்பு, மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம். எங்கள் தொட்டிக்குள் இருக்கும் அதே சரக்கு, இங்கே நண்டும் நத்தையும் மேலே ஊர்ந்துகொண்டிருக்க, நிம்மதியாகத் தூங்கியது. எந்தப் பொருளுக்கும் கெட்ட குணம் என்று ஒன்று தனியாக இல்லை, நாம் அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதுதான் கணக்கு. இதை எங்கள் பாதுகாப்பு வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள். எழுதலாம், பாதகமில்லை.

திண்டிவனத்தில் இறக்கிவிடும்போது ஆரோக்கியராஜ் வாடகையில் இருநூறு குறைத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. மண்ணைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, எவ்வளவு சுண்ணாம்பு என்று கேட்டுப் போடச் சொன்னேன். அடுத்த வாரமே கொடுத்துவிட்டார்கள். செம்பருத்தி சொன்னதைத்தான் நிலையத்தாரும் எண்ணில் சொன்னார்கள்.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மார்கழி, தை மாதங்கள்தான் நல்ல பருவம், பறவையும் இருக்கும், வெயிலும் கடிக்காது. கல் பட்டறையில் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்குங்கள், ஓடும் மெஷின் பக்கம் போகாதீர்கள். கல்மரத்தில் ஒரு துண்டைக் கூடப் பெயர்க்காதீர்கள். திருவக்கரையில் கூழைத் தவிர நல்ல சாப்பாடு எனக்குக் கிடைக்கவில்லை, திண்டிவனத்திலேயே கட்டிக்கொண்டு போவது உத்தமம். என் செலவு, போக வர எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து இருநூறுக்குள். கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கறுப்பு மண்ணெல்லாம் வண்டல் இல்லை, கொட்டுவதற்கு முன்னால் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

கடைசியாக ஆட்டோ. ஸ்டேஷன் வாசலில் நிறைய நிற்கும், பேசி ஏறுங்கள். பறவை பார்க்கலாம் என்று தை மாதம் நான் மறுபடி கிளம்பினேன். ரயிலில் உட்கார்ந்தபடியே ஆரோக்கியராஜைக் கூப்பிட்டு, ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

"இன்னிக்கு ஆட்டோ இல்ல மேடம்" என்றார்.

உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேன். கழனியில தெற்கு மூலை மட்டும் இன்னும் புளிச்சிக்கினுதான் இருக்குது, அத தண்ணி கட்டி அப்படியே உட்டுட்டோம். மீதியெல்லாம் நெல்லு புடிச்சிருச்சு மேடம். நம்ம கழனியில இன்னிக்கு அறுப்பு."

அப்படியா என்று கத்தியேவிட்டேன். எதிர் சீட்டில் இருந்தவர் என்னமோ ஏதோ என்று பார்த்தார். போனில் பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "உப்பளத்துல லீவு சொல்லிட்டேன். அக்காவ பஸ்ஸு ஏறி வரச் சொல்லு, சோறு ஆக்கிக்கினு இருக்கேன்."

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. முப்பது ரூபாய். உட்கார இடமும் கிடைத்தது.